வண்டி உன் பேரில் இருக்கிறது

அன்புள்ள கயல்,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு மூட்டு வலி கொஞ்சம் பரவாயில்லை. காரின் கோளாறான பெட்ரோல் பம்பை மாற்றக் கொண்டுவரச் சொல்லும் கம்பெனியின் ரீகால் மெசேஜ் உன் நம்பருக்குத் திரும்பவும் வந்ததாகவும், இன்னும் ஏன் பம்ப் மாற்றவில்லை என்றும் கேட்டாய். போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வண்டியை டீலரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டேன். சேஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தார்கள், லிஸ்டில் இருக்கிறது. பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்பில் ஒரு சின்ன பிளாஸ்டிக் சக்கரம் சுற்றும். அது பெட்ரோலில் ஊறி உப்பினால் உறையில் உரசி நின்றுவிடுமாம். பம்ப் நின்றால் இன்ஜினும் நிற்கும். "பார்ட் வரலை சார், வந்தா நாங்களே கூப்பிடுறோம்" என்றான் கவுண்டரில் இருந்த பையன். எப்போது வரும் என்பது அவனுக்கும் தெரியாது. அவனிடம் கத்தி என்ன பயன்?

புது வண்டிக்கு மட்டும் பம்ப் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாயே, சரியான கேள்வி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர்ஸிலேயே காலம் தள்ளியவனுக்கு அதன் பதில் தெரியும். மாதா மாதம் ஓடுகிற உற்பத்திக்குத் தக்கபடிதான் பார்ட் செய்து தருகிற வெண்டர் அச்சும் ஆளும் வைத்திருப்பான். ரீகால் வந்தால் பல வருஷத்து வண்டிகளுக்கும் ஒரே சமயத்தில் பார்ட் வேண்டும். பழையதையே செய்து கொடுக்கவும் முடியாது. டிசைனை மாற்றி, சோதித்து, சாம்பிள் அப்ரூவல் வாங்கிய பிறகுதான் லாட் கிளம்பும். அப்படிக் கிளம்பியதிலும் அசெம்ப்ளி லைனுக்குத்தான் முதல் பங்கு. லைன் அரை மணி நின்றால் மேலிடத்திலிருந்து போன் பறக்கும். உன் வண்டி நம் வாசலில் நின்றால் யாருக்கும் போன் போகாது.

ஜப்பானின் டகாடா ஏர்பேக் விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? உலகம் முழுக்கச் ஏர்பேக்கை ஊதவைக்கிற இன்ஃப்ளேட்டர்களில் சுமார் 10 கோடியை மாற்ற வேண்டி வந்தது. போட்டிக் கம்பெனிகளும் மாற்றுப் பார்ட் செய்து கொடுத்தன. 2017-ல் அந்தக் கம்பெனியே திவாலானது. இன்ஃப்ளேட்டருக்குள் இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் கெட்டுப்போகும் என்பதால், அமெரிக்காவில் புளோரிடா மாதிரி புழுங்குகிற இடங்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். பார்ட் குறைவு என்றால் வரிசை போடுவது நியாயம்தான். நம் வண்டி அந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று ஒருவரும் சொல்லாததுதான் எனக்கு எரிச்சல்.

நம் ஊரில் முன்பெல்லாம் ரீகால் கம்பெனிக்காரர்கள் தாங்களாகப் பார்த்துச் செய்வது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 2021 ஏப்ரல் முதல் விதி கொண்டுவந்தார்கள். 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டி என்றால் அரசே ரீகாலுக்கு உத்தரவு போடலாம், அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை. உன் வண்டி அந்த வயசுக்குள்தான் இருக்கிறது.

ஆனால் ஆர்.சி. உன் பேரில். நான் போய்க் கேட்டால் "ஓனர் யாரு சார்" என்கிறார்கள். அதனால் மெயில் நீதான் எழுத வேண்டும். டீலருக்கு இல்லை, கம்பெனிக்கு. பார்ட் இல்லாமல், வண்டி வந்ததைப் பதிகிற ஜாப் கார்டு எதற்கு என்று தட்டிக்கழிக்கப் பார்த்தார்கள், நான் விடவில்லை. ரீகால் பம்ப் ஸ்டாக் இல்லை என்று அதில் எழுதி சீல் போட்டு வாங்கியிருக்கிறேன். போட்டோ அனுப்புகிறேன், அதை இணைத்துவிடு. நம் வண்டிக்குப் பம்ப் ஆர்டர் போட்டாயிற்றா, ஆர்டர் நம்பர் என்ன, அதுவரை மாற்று வண்டி தருவார்களா என்று கேள். வழியில் நின்றால் டோ செலவு யாருடையது என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்கு. கோபமாக எழுதாதே, சேஸ் நம்பரைத் தப்பில்லாமல் எழுது.

மாப்பிள்ளை வண்டியை விற்றுவிடலாம் என்றாராமே. பம்ப் மாற்றாமல் விற்க நான் உடன்பட மாட்டேன், அவரிடம் சொல்லிவிடு.

இப்போதைக்கு மார்க்கெட் வரைக்கும்தான் வண்டியை எடுக்கிறேன். ஓடும்போது இன்ஜின் நின்றால் ஸ்டியரிங்கைத் திருப்பக் கஷ்டமாகிவிடலாம், பிரேக்கும் நாலு மிதிக்குள் கல்லாகிவிடும். மதுரவாயல் பாலத்தில் அப்படி ஆனால் பின்னால் வருகிற லாரிக்காரன் என்ன செய்வான்? தாம்பரம் கல்யாணத்துக்கு எலக்ட்ரிக் ட்ரெயினில்தான் போகப்போகிறோம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ட்ரெயினா என்று அம்மா முணுமுணுக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மெயிலை அனுப்பிவிடு. எனக்கும் ஒரு காப்பி போடு.

அப்பா