அப்பாவின் ஷாட்டை நான் வெளுக்க விட மாட்டேன்

மாப்ள,

வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு முதல் வருஷ திதி என்று உன் தங்கை ஸ்டேட்டஸில் பார்த்தேன். நீ என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய், அதனால் இங்கே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. நம்ம பேட்ச் ஆட்கள் படிப்பார்கள், ஊட்டி பக்கம் கேத்தியிலிருந்தும் யாராவது படிப்பார்கள். யாரென்று தெரிந்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

நாம் ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த, உன் அப்பா வாட்ச்மேனாக நடித்த அந்த இரண்டு நிமிடப் படத்தை முடித்துவிடுவது என்று முடிவெடுத்துவிட்டேன். நீ ஏற்றிய கலர் இல்லாமல், நீ மேலே போட்ட மியூசிக் இல்லாமல். கோபப்படாமல் கடைசிவரை படி.

நீ காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்த ஸ்டோரிபோர்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாலாவது கட்டம், சாவிப் பலகை. வரிசையாக ஆணிகள், எல்லாவற்றிலும் சாவி, ஒரு ஆணி மட்டும் காலி. பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடுகிறது, வாட்ச்மேனுக்குத் தெரியவில்லை. ஒரு த்ரில்லர் தொடங்க அது போதும். நான் அந்தக் காட்சிக்குப் பக்கம் பக்கமாக வசனம் எழுதி வைத்திருந்தேன். "பேச ஆரம்பிச்சா பயம் போயிடும்டா" என்று நீதான் மொத்தத்தையும் அடித்தாய். முகத்தைக் கடைசிவரை காட்ட வேண்டாம், கை, முதுகு, சாவி போதும் என்பது மட்டும் நாம் ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

அன்றைக்குச் சாயங்காலம் எல்லாம் கணக்குப்படிதான் இருந்தது. சூரியன் போய் முழு இருட்டு விழுவதற்குள் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரம். ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் வைத்தால் எல்லாம் நீலமாக விழும், ராத்திரி என்று நம்பிவிடுவார்கள். அப்பா டார்ச் அடித்துக்கொண்டு டீ ஃபேக்டரி குடோன் வராந்தாவில் நடந்து வர வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து மிஸ்ட் இறங்கியது. டார்ச் வெளிச்சம் மிஸ்ட்டில் பட்டு வெள்ளையாகப் பரவி நின்றது, அதற்குப் பின்னால் ஆளே தெரியவில்லை. ஆட்டோஃபோகஸ் எதையும் பிடிக்காமல் முன்னும் பின்னும் அலைந்தது. அப்பா பக்கத்தில் நிற்கிறார் என்பதையே மறந்து நீ கெட்ட வார்த்தையில் திட்டினாய்.

அவர் டார்ச்சை அணைத்தார்.

"தம்பி, தினம் நடக்கிற எடத்துல வாட்ச்மேன் எதுக்கு லைட் அடிக்கிறான்? புதுசா வந்தவன்தான் அடிப்பான்."

அப்புறம் நடந்தார். இடது கையின் விரல்கள், உள்ளங்கைப் பக்கம் இல்லை, புறங்கைப் பக்கம், சுவரில் பட்டும் படாமலும் உரசிக்கொண்டே வந்தன. தூண் வருகிற இடத்தில் கை தானாக விலகியது. தாண்டியதும் மறுபடி சுவரைத் தொட்டது. நடை எங்கேயும் தயங்கவில்லை. நீ ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி அவர் கூடவே போனாய். நான் மானிட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதருக்கு இந்த இடத்தைப் பற்றி நமக்குத் தெரியாத ஏதோ தெரியும் என்று தோன்றி உடம்பு சில்லிட்டது. ஒரு த்ரில்லர் செய்ய வேண்டியது அதுதானே?

டீயும் வர்க்கியுமாக உட்கார்ந்திருந்தபோதுதான் விஷயத்தைச் சொன்னார். இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரியில் கற்ற நடை அது. பிலிமில் மருந்து பூசுவதிலிருந்து வெட்டி டப்பாவில் அடைப்பதுவரை இருட்டில்தான் வேலை, வெளிச்சம் பட்டால் சரக்கு போச்சு. 1967லிருந்து அந்தத் தொழிற்சாலை கறுப்பு வெள்ளைச் சுருளும் எக்ஸ்ரே பிலிமும் செய்து நாடு முழுக்க அனுப்பியது. ஊட்டியின் தூசியில்லாத குளிர்ந்த காற்றுக்காகத்தான் அதை அங்கே கட்டினார்கள். இதெல்லாம் உனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஃபேக்டரியை மூடியபின் அப்பா வாட்ச்மேன் ஆனதில் உனக்கு வெட்கம் இருந்தது என்று எனக்குத் தோன்றும். தப்பாக இருந்தால் சொல்.

அந்த ஷாட்டைத்தான் எடிட்டில் வெளுக்க வைத்தாய். ரிவ்யூவில் ஒருவர் "ஒண்ணும் தெரியலையே" என்றார் என்பதற்காக. 1600 ஐஎஸ்ஓவில் எடுத்ததை அவ்வளவு ஏற்றினால் இருட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பொரியும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். நான் பழையபடி மாற்றினேன், நீ திரும்ப ஏற்றினாய். அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுத மாட்டேன்.

குழுவில் நீ போட்ட அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அவரைக் குளிரில் நிற்க வைத்தது நான்தான் என்றாய். அதிலிருந்துதான் எல்லாம் என்றாய். டாக்டர் என்ன சொன்னார் என்று நம் இருவருக்கும் தெரியும், அது உன் வீட்டு விஷயம், நான் வெளியே சொல்வதாக இல்லை. ஆனால் போதும் என்று நாம் சொன்ன பிறகும் "இன்னொரு தடவை போலாமா தம்பி" என்று கேட்டது யார்? நீயும் கேட்டாய்தானே அதை?

அப்பாவை எடுக்கிற அன்றைக்கு வந்திருந்தேன். ரோட்டிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். அதற்கு மன்னித்துக்கொள். நீ ஒரு தடவை என் பக்கம் திரும்பியிருந்தால் உள்ளே வந்திருப்பேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பா முகம் தெரிகிற மாதிரி ஏதாவது ஃபுட்டேஜ் இருக்கிறதா என்று நம்ம ஜூனியரிடம் விசாரித்தாயாம். அவன் கேட்டபோது இல்லை என்றேன், இருந்த எல்லா ஷாட்டும் எனக்கு மனப்பாடம். போன வாரம் சவுண்டுக்காக ரூம் டோன் தேடினேன். நினைவிருக்கிறதா, வெட்டி ஒட்டும் இடங்களில் சத்தம் ஓட்டை விழாமல் இருக்க, எல்லோரும் ஒரு நிமிடம் ஆடாமல் நில்லுங்கள் என்றேனே? மைக் கேமராவில்தான் சொருகியிருந்தது. அதனால் படமும் ஓடியிருக்கிறது.

குடோன் வாசல் டியூப்லைட்டுக்குக் கீழே நிற்கிறார். மங்கி கேப்பைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருக்கிறார். மழை இல்லை, ஆனால் தைல மரத்து இலைகளில் தங்கிய மிஸ்ட் தகரத்தின்மேல் சொட்டுகிறது. படம் பிடிக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. லென்ஸைப் பார்க்கவில்லை, லென்ஸுக்குக் கொஞ்சம் வலது பக்கம் பார்க்கிறார். அங்கே நின்றது நீ. ரொம்ப நேரம் பார்க்கிறார். நடுவில் தும்மல் வருகிறது, சவுண்டு கெட்டுவிடக் கூடாதென்று கேப்பால் வாயைப் பொத்தி அடக்குகிறார், தோள் குலுங்குகிறது. அந்த இடத்தைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டேன். நீ சொன்ன குளிரும் அதில் இருக்கிறது மாப்ள. இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்தக் கிளிப்பின் சத்தத்தை மட்டும் படத்தில் வைக்கிறேன். முகம் உன் வீட்டுக்கு. யாருக்கும் காட்டவில்லை, இங்கேயும் போடமாட்டேன். ஹார்ட் டிஸ்க்கை ஜூனியரிடம் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை மேட்டுப்பாளையம் வழியாக வருகிறான். அம்மாவுக்குப் போட்டுக் காட்டுவதற்கு முன் நீ தனியாக ஒரு தடவை பார்த்துவிடு.

எனக்கு ஒரு பதில் வேண்டும், அவனிடமே சொல்லியனுப்பினாலும் சரி. டைட்டிலில் அப்பா பெயர் முதலில் வருகிறது. இனிஷியலோடு போடட்டுமா, இல்லை ஃபேக்டரியில் அவரைக் கூப்பிட்ட பெயரிலா?