படுவான்கரைக்கு ஒரு கண் கமரா: சுகாதாரப் பணிப்பாளருக்குத் திறந்த மடல்

மட்டக்களப்பு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போகும் எங்கள் ஊர்க்காரர் சிலரின் கொப்பிகளைப் பார்த்திருக்கிறேன். சீனி அளவு, பிரஷர், நிறை எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கும். கண்ணைப் பற்றி ஒரு வரி இராது. கேட்டால், "எனக்குக் கண் நல்லாத்தானே தெரியுது" என்பார்கள். சிக்கலே அங்கேதான். சீனி வருத்தத்தால் கண்ணின் உட்புறத்து விழித்திரை பழுதாகத் தொடங்கும்போது நோவும் இல்லை, மங்கலும் இல்லை.

ஆரம்பத்திலேயே சாகிறவை பெரிசைட் என்னும் கலங்கள். விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை வெளியிலிருந்து பிடித்துத் தாங்குபவை. வருடக்கணக்கில் இரத்தத்தில் சீனி கூடிக் கிடந்தால் இவை குறைந்துபோகும். குழாய்ச் சுவர் பலமிழந்து, பழைய சைக்கிள் டியூப் மாதிரி அங்கங்கே புடைக்கும். விழித்திரைப் படத்தில் சின்னச் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிபவை அந்தப் புடைப்புகள்தான். அப்புறம் கசிவு. இரத்தம் போதாத இடங்களில் புதுக் குழாய்கள் முளைத்து, அவை உடைந்து கண்ணுக்குள் இரத்தம் பரவும். லேசரும் ஊசியும் மிச்சப் பார்வையைக் காக்கலாம். போனது முழுதாகத் திரும்பும் என்று எந்த டொக்டரும் உறுதி தரமாட்டார்.

கண்ணீரிலும் இரத்தத்திலும் உள்ள புரதங்களை வைத்து, புள்ளி விழுமுன்பே நோயைப் பிடிக்க ஆய்வுகள் நடக்கின்றன. சரி, வரட்டும். அதுவரை நாங்கள் ஏன் காத்திருக்க வேண்டும்? கலம் செத்த தடயத்தைக் கமரா இப்போதே காட்டுகிறதே. பலருக்குச் சொட்டு மருந்துகூட விடாமல் படம் எடுக்கும் கமராக்கள் உண்டு. இருட்டாக்கிய அறையும் பயிற்சி பெற்ற தாதி ஒருவரும் இருந்தால் எடுத்துவிடலாம். படத்தை அனுப்பினால் நகரிலிருந்தே கண் வைத்திய நிபுணர் பார்ப்பார். (கண்ணில் வெள்ளை படர்ந்த வயதானவர்களுக்குப் படம் தெளிவாக விழாது. அவர்களை நேரே அனுப்பத்தான் வேண்டும்.)

வளர்ந்தவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சீனி வருத்தம் என்றால், கண்டுபிடித்த உடனேயே கண்ணைப் பார்க்க வேண்டும், பிறகு வருடத்துக்கு ஒருமுறை என்பதுதான் பொதுவான மருத்துவ வழக்கம். ஆகவே ஒரு கமராவை வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று கிளினிக் நாட்களிலேயே சுற்றவிடுங்கள். கண்ணுக்கென்று இன்னொரு நாள் டவுனுக்கு வரச் சொன்னால், அன்றைய கூலியை விட்டுவிட்டு யார் வருவார்?

திகதியை முந்திய கிளினிக்கிலேயே கொப்பியில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். வேளாண்மை வெட்டு நாட்களில் மட்டும் வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
படுவான்கரை வாசி ஒருவர்