ஹெரால்டு பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அப்பா

கோவென்ட்ரி, இங்கிலாந்து
தை 12

அன்பும் வணக்கமும் நிறைந்த அப்பாவுக்கு,

இங்கு நானும் உங்கள் மருமகளும் பேரனும் நலமாக இருக்கிறோம். அங்கு நீங்களும் அம்மாவும் ஆச்சியும் தம்பி வீட்டாரும் நலமாக இருக்கப் பாபநாசநாதரை வேண்டிக்கொள்கிறேன். பிசானப் பயிர் கதிர் வாங்கத் தொடங்கிவிட்டது என்று அம்மா சொன்னார்கள். கேட்க மகிழ்ச்சியாக இருந்தது.

பொங்கலன்று பேசும்போது, புறவாசல் சாய்ப்பை ஒழித்துவிட்டு அங்கே தம்பி பைக் நிறுத்த இடம் செய்யப்போகிறான் என்றும், பழைய ஹெரால்டு காரின் சாமான்கள் கிடக்கும் மரப்பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாம் என்றும் சொன்னீர்கள். அதற்குள் இணைப்பு துண்டித்துவிட்டது. அந்தப் பெட்டியைப் போடவேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். காரணத்தைத் தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கண்ணாடியைக் கழற்றி மாட்டிச் சிரமப்படுவீர்கள். ஆகவே தாளிலேயே எழுதுகிறேன்.

அலுவலக வேலை வழக்கம்போல் நடக்கிறது. குளிர் கடுமையாக இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளை நான் எங்கே கழிக்கிறேன் என்பதைத்தான் இத்தனை நாளும் உங்களிடம் முழுதாகச் சொல்லாமல் இருந்தேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் கார் நிறுத்தும் அறைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, 1968ஆம் ஆண்டின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 கார் ஒன்றை அங்கே போட்டு வேலை பார்த்துவருகிறேன். இரண்டு பேர் உட்காரும், மேற்கூரையை மடக்கிவிடக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார். நான் வாங்கும்போது அது ஓடவில்லை. பதினைந்து ஆண்டுகளாக ஒரு கொட்டகையில் நின்றிருந்தது.

முதல் நாள் அதன் பானெட்டைத் திறந்தபோது எனக்கு நம் அம்பாசமுத்திரம் கார்ப் பட்டறையே கண்முன் வந்து நின்றது. மூக்கு முதல் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு வரை எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கிறது. டாக்டர் ஐயாவின் ஹெரால்டு அப்படித்தானே திறக்கும்? பத்து வயதில் அதன் முன்டயரின்மேல் உட்கார்ந்துகொண்டு நான் உங்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். இங்கும் அதே டயர்மேல் உட்கார்ந்துதான் எஞ்சின் வேலை பார்க்கிறேன்.

இந்த ஒற்றுமை தற்செயலானது அல்ல, அப்பா. சென்னைக்கு அருகே வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்யப்பட்ட அந்தக் காரின் பிறப்பிடம் நான் இப்போது இருக்கும் இந்தக் கோவென்ட்ரிதான். ஹெரால்டுக்கு உருவம் கொடுத்த இத்தாலியரான மிக்கெலோட்டியே ஸ்பிட்ஃபயரையும் வரைந்தார். ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி அதன்மேல்தான் இதை நிறுத்தினார்கள். எஞ்சினும் ஒரே வம்சம். 1953இல் ஸ்டாண்டர்டு 8 காருக்காக 803 சிசியில் தொடங்கி, ஹெரால்டில் 948 ஆகி, 1147 ஆகி, என் வண்டியில் 1296 சிசியாக வளர்ந்து நிற்கிறது. நான்கு சிலிண்டர்களும் வெடிக்கும் வரிசை அதே 1-3-4-2. வால்வுக்கு விடும் டாப்பெட் இடைவெளி அதே பத்து தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்து இழுக்கும்போது விரலுக்கு எவ்வளவு பிடி தெரியவேண்டும் என்று நீங்கள் காட்டிக்கொடுத்ததே இங்கும் போதுமானதாக இருந்தது.

நான் ஊரிலிருந்து கிளம்பும்போது, உங்களிடம் கேட்காமலே ஒரு ஸ்பேனரை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். ஒரு முனை அரை அங்குலம், மறு முனை 7/16. பிடியில் நீங்கள் உளியால் போட்ட மூன்று கோடுகள் இருக்கும். ஊரில் எல்லா வண்டியும் மில்லிமீட்டருக்கு மாறியபின் அது சும்மாதான் கிடந்தது. இந்தக் காரில் பாதிக்கு மேற்பட்ட போல்ட்டுகளை அந்த ஒரு ஸ்பேனரைக் கொண்டே கழற்றியிருக்கிறேன்.

இந்த நாட்டில் பழைய காரைத் தின்பது உப்பு. குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமல் இருப்பதற்காக, நிலத்துக்கு அடியில் வெட்டியெடுத்த கல்லுப்பை லாரி லாரியாகத் தூவுகிறார்கள். தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய்வரும் லாரிகளின் சேசிஸை நீங்கள் சுத்தியலால் தட்டிப் பார்த்து, சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவீர்களே, அதே நோய்தான் இதற்கும். நானும் தட்டித் தட்டி வட்டம் போட்டேன். கடைசியில் வட்டம் போடாத இடமே குறைவாக இருந்தது. முன்பு வைத்திருந்தவர்கள் ஓட்டை விழுந்த இடங்களில் துருவை எடுக்காமலே பட்டி பூசி, அதன்மேல் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். ஓரிடத்தில் பட்டி ஒரு விரற்கடை கனம் இருந்தது.

மிக மோசமாக இருந்தது கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டித் தகடு. இங்கே அதைச் சில் என்கிறார்கள். ஹெரால்டின் சேசிஸில் இரண்டு ஓரங்களிலும் சட்டம் ஓடும். ஸ்பிட்ஃபயரில் அந்த ஓரச் சட்டம் கிடையாது. ஆகவே அந்தச் சில்தான் வண்டியின் இடுப்பெலும்பு. உள்தகடு, நடுவில் வலுவுக்கு ஒன்று, வெளித்தகடு என மூன்றும் சேர்ந்து ஒரு பெட்டியாக நின்றால்தான் உடம்பு நிமிர்ந்து நிற்கும். மேலே கூரையும் இல்லாததால் வேறு பிடிப்பே இல்லை.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இடப்பக்கத்தில் ஒரு பெரிய தவறு செய்தேன். கதவைக் கழற்றி வைத்துவிட்டு, முட்டுக் கொடுக்காமலே மூன்று தகடுகளையும் வெட்டியெடுத்தேன். புதுத் தகடுகளை வைத்து மிக் வெல்டிங்கில் பற்றவைத்தபின் கதவை மாட்டினால் மூடவில்லை. கீழே இடைவெளி விரல் நுழையும் அளவுக்கு அகன்றிருந்தது. மேலே கதவின் விளிம்பு தூணில் இடித்தது. வெட்டி வைத்திருந்த நேரத்தில் உடம்பு நடுவில் தொய்ந்துபோய், அந்தத் தொய்விலேயே நான் பற்றவைத்துவிட்டேன். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமை வேலையை மறுபடியும் வெட்டி எறிந்தேன்.

அடுத்த முறை, ஓர் அங்குலச் சதுரக் குழாயைக் கதவின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்காக இரண்டிடத்தில் பற்றவைத்து, ஜாக்கியை மிக மெதுவாக ஏற்றி இடைவெளியைச் சமன்செய்து, அதன்பிறகே வெட்டினேன். பழைய ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைபோட்டு விடுவித்தேன். புதுத் தகட்டின் விளிம்பில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையை வெல்டிங்கால் நிரப்பி அடித்தகட்டோடு பிடிக்கச் செய்தேன். தகடு சூடேறி நெளியாமல் இருக்க இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டு என்று இடம் மாற்றி மாற்றி வைத்தேன். ஒவ்வொரு நிலையிலும் கதவை மாட்டி மூடிப் பார்த்தேன். சில்லின் உள்ளே மெழுகு பீய்ச்சி முடித்தபோது பேரன் வந்து கதவைத் தானே மூடினான். ஒரே தள்ளில் மூடியது.

இனி அந்த மரப்பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். முன்சக்கரம் எதன்மேல் திரும்புகிறது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை. அந்த மரை ட்ரன்னியன் என்கிற வெண்கலக் கட்டைக்குள் இறங்கியிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையிலேயே சுழலும். அதற்குக் கெட்டியான கியர் எண்ணெயான 90 ஆயில்தான் விடவேண்டும், கிரீஸ் கூடவே கூடாது என்று பட்டறைப் பையன்களுக்கு நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, காய்ந்து அடைத்துக்கொள்ளும், தண்ணீர் தங்கும், துருவேறித் தண்டு மரை ஓரத்தில் முறியும், சக்கரம் மடங்கிவிடும். காரையார் மலைப்பாதையில் இறங்கும் வண்டிக்கு இது உயிர்ப் பிரச்சினை என்று கோபமாகச் சொல்வீர்கள். இங்கேயும் விவரம் தெரிந்தவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். தெரியாதவர்கள் கிரீஸ் அடித்திருக்கிறார்கள். என் வண்டியிலும் அடித்திருந்தார்கள். இடப்பக்கத்துக் கட்டையைக் கழற்றியபோது உள்ளே கட்டித் தார்போல ஒன்று இருந்தது. அதைச் சுரண்டிய பிறகு, மரையின் மேல்சுற்றுகளில் துரு குழிகுழியாகத் தின்றிருந்தது தெரிந்தது.

புதிதாக ஒரு ஜோடி ட்ரன்னியன் வாங்கினேன். விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். தண்டில் ஏற்றிப் பார்த்தால் கையால் அசைத்தாலே ஆட்டம் கண்டது. திருப்பி அனுப்பிவிட்டேன். செப்டம்பரில் ஹாம்ப்ஷயரில் பியூலி என்ற ஊரில் பழைய கார்ச் சாமான்களுக்கென்றே பெரிய சந்தை கூடுகிறது. பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி குவித்திருப்பதைப்போலப் புல்வெளி முழுவதும் கியர்பாக்ஸும் கார்புரேட்டரும் விளக்கும் பரப்பியிருந்தார்கள். அங்கும் தேடினேன், நல்ல நிலையில் இரண்டு பக்கமும் சேர்ந்து அமையவில்லை.

பக்கத்து அறையை வைத்திருக்கும் ஆங்கிலேயப் பெரியவர் ஒருவர், பதினேழு வயதில் இவ்வூரின் கேன்லி ட்ரையம்ஃப் தொழிற்சாலையில் சேர்ந்து இந்தக் கார்களைப் பூட்டும் வேலை செய்தவர். 1980இல் அங்கே கார் உற்பத்தி நின்றது. இந்தியாவில் ஹெரால்டு ஓடியது என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். நான் நம் பட்டறைக் கதையைச் சொன்னதும் தேநீரை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டலூர் ஆலையின் நிறுவன அடையாளத்தோடு மெழுகுத் தாளில் சுற்றிய, பூட்டப்படாத ட்ரன்னியன்கள் எங்கள் வீட்டில் இருக்கின்றன என்றேன். உடனே எழுதச் சொல்லிவிட்டார். ஸ்பிட்ஃபயரின் முதல் மாதிரி வண்டியே தொழிற்சாலையின் ஒரு மூலையில் துணி மூடிக் கிடந்து, 1961இல் லேலண்ட் நிறுவனத்தார் ட்ரையம்ஃப் நிறுவனத்தை வாங்கிப் பார்வையிட வந்தபோதுதான் கண்ணில் பட்டது என்று அப்போது சொன்னார்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். பெட்டியின் மேல்தட்டில் ட்ரன்னியன் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். வலப்பக்கத்துக்கு வலமரை, இடப்பக்கத்துக்கு இடமரை. இரண்டும் இருந்தால் மிக நல்லது. ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றங்கள் செய்திருப்பதால், பொருந்துமா என்று அளந்து பார்க்கவேண்டும். வெர்னியரால் உள்விட்டத்தையும், பிட்ச் கேஜால் மரையையும் அளந்து தம்பியிடம் சொல்லுங்கள். அவன் எனக்கு அனுப்பிவிடுவான். அளவு சரியாக வந்தால் மண்ணெண்ணெயில் கழுவி, 90 ஆயில் தடவி, உங்கள் பழைய வேட்டித் துணியில் சுற்றிவையுங்கள். சித்திரையில் அத்தான் மகன் இங்கே படிக்க வருகிறான். அவன் பயணப் பெட்டியில் நான்கு கிலோ இடம் விடச் சொல்லியிருக்கிறேன். அளவு சேராவிட்டாலும் எதையும் போட்டுவிடவேண்டாம். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இங்கே இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். இங்கே பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் சேர்க்கிறார்கள். அங்கே 20 என்று படித்தேன். பழைய ரப்பர்க் குழாய்களை அது ஊறவைத்து வெடிக்கச் செய்கிறது. நான் எல்லாக் குழாய்களையும் மாற்றிவிட்டேன். பட்டறைக்கு வரும் பழைய வண்டிகளில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். நாற்பது ஆண்டு கடந்த கார் என்பதால் ஆண்டுச் சோதனையிலிருந்து இதற்கு விலக்கு உண்டு. ஆனாலும் முன்சக்கர வேலை முடிந்ததும் நானாகவே சோதனைக்குக் கொண்டுபோவேன்.

வலப்பக்கச் சில் வேலை போன வாரம் முடிந்தது. மூடும்போது கதவு எங்கோ மெலிதாகத் தட்டுகிறது. மேலேயா, கீல் பக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. பட்டறைக்கு வரும் வண்டியின் கதவை ஒருமுறை சாத்திக் கேட்டே நீங்கள் இடத்தைச் சொல்லிவிடுவீர்கள். இரண்டு கதவுகளும் மூடும் சத்தத்தைத் தம்பியின் தொலைபேசிக்கு அனுப்பியிருக்கிறேன். முதலில் வருவது இடது, பிறகு வலது. வீதியில் சத்தம் அடங்கியபின், காதோடு வைத்துக் கேட்டுச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கும் ஆச்சிக்கும் என் வணக்கம்.

உங்கள் அன்பு மகன்