அரிக்கமேட்டை ரோமாபுரி ஆக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், புதுச்சேரிக்குப் பக்கத்தில் பழைய துறைமுகம் இருந்த அரிக்கமேடு பற்றிய கட்டுரையைப் படித்தேன். எங்கள் ஊருக்குப் பக்கத்து மேட்டுக்கு இரண்டு முழுப் பக்கம் ஒதுக்கியதில் மகிழ்ச்சி. ஆனால் தலைப்பில் அதை 'ரோமானிய நகரம்' என்று சொல்லிவிட்டீர்கள். இடிந்த செங்கல் சுவர்களின் படத்தைப் போட்டு, ரோமானியர் காலக் கட்டடம் என்று அடியில் எழுதியும் விட்டீர்கள். இரண்டுமே சரியல்ல.

அந்தச் சுவர்கள் 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கட்டிய கட்டடத்தின் மிச்சம். அங்கே போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது அதுதான் என்பதால் பலரும் இப்படி ஏமாந்துபோகிறார்கள். பழைய துறைமுகம் அரியாங்குப்பம் ஆற்றங்கரை மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

'ரோமானிய' என்ற பேச்சு ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலரோடு பரவியது. அப்போது இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக இருந்த அவர், 1945-இல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்து இங்கே தோண்டினார். இத்தாலியில் செய்த பளபளப்பான சிவப்பு அரிட்டைன் பாண்டங்களும், மதுவும் எண்ணெயும் வந்த ஆம்போரா சாடிகளும் உடைந்த ஓடுகளாகக் கிடைத்தன. இந்த அரிட்டைன் ஓடு தேதி போட்ட ரசீது மாதிரி. அது எப்போது புழக்கத்தில் இருந்தது என்பது ஐரோப்பாவில் நன்றாகத் தெரியும். ஆகவே அதே மண்ணடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானை ஓடுகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு இது பெரிய உதவி, அதில் சந்தேகமே இல்லை. அடுத்த ஆண்டே அறிக்கையும் அச்சில் வந்துவிட்டது. இன்று அகழாய்வு நடத்துகிறவர்கள் இந்த வேகத்தைக் கவனிக்க வேண்டும்.

சரி, ரோமச் சரக்கு வந்தது. அதனால் ஊர் ரோமருடையதாகிவிடுமா? 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லியின் குழு மறுபடி தோண்டியபோது, ரோம வணிகம் சூடுபிடிப்பதற்கு வெகு முன்பே, கி.மு. காலத்திலேயே, அங்கே மக்கள் குடியிருந்தது உறுதியானது. வீலர் மேற்கத்திய இறக்குமதி என்று எண்ணிய ரௌலட்டட் தட்டுகள் (உள்பக்கம் வட்டவட்டமாகச் சிறு கீறல் வரிகள் பதித்தவை) நம் துணைக்கண்டத்திலேயே செய்தவை என்பதுதான் இப்போது ஆய்வாளர்களின் முடிவு. அந்தத் தட்டுகள் பாலித் தீவு வரைக்கும் போயிருக்கின்றன. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் அரிக்கமேட்டில் கிடைத்தன. ரோமர் வரவு நின்ற பிறகும் ஊர் முழுக்க அழிந்துவிடவில்லை. சோழர் காசும் சீனப் பீங்கானும் கிடைத்திருக்கின்றனவே! பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் 1940-களின் கடைசியில் புதுச்சேரி வட்டாரத்தில் தோண்டிய பெருங்கற்கால ஈமத் தாழிகளையும் சேர்த்துப் பார்த்தால், ரோமர் வந்துபோன காலம் எவ்வளவு சிறியது என்பது புரியும்.

உங்கள் கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன மணிகளைத்தான் நான் முதலில் சொல்லியிருப்பேன். கண்ணாடியை உருக்கி, நீண்ட மெல்லிய குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடுகாட்டி முனை மழுக்குவார்கள். கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, செம்மண் நிறத்திலும் நீலப் பச்சையிலும் மணிகள் வரும். கார்னீலியன், அகேட், பளிங்கு போன்ற கற்களிலும் மணி செய்தார்கள். எனக்கு அதிகம் பிடித்தவை கெட்டுப்போன மணிகள்தான். பாதி துளையிட்டபோதே பிளந்த கல், மையம் தவறிய துளை, வெட்டிப்போட்ட சில்லுகள், உருகிக் கட்டிப்போன கண்ணாடி. முழு மணி எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். கழிவு மட்டும் பட்டறை இருந்த இடத்தில்தான் கிடக்கும். அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

வருத்தம் என்னவென்றால், மழை பெய்து மண் கரைந்ததும் இந்த மணிகள் மேலே வரும், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். சின்னதுதானே என்று நினைக்கிறார்கள். எந்த இடத்தில், எதனோடு கிடந்தது என்று தெரியாத மணியை வைத்து ஆய்வாளர் எதையும் சொல்ல முடியாது. பழைய காலத்தில் செங்கல்லுக்காகத் தோண்டி எடுத்துப்போன சேதம் ஏற்கெனவே இருக்கிறது. அப்புறம் ஆறும் கரையை அரிக்கிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள். அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்திப் போடுங்கள். அந்தப் பாதிரிமார் கட்டடம் எந்தக் காலத்தது என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிய பலகை அங்கேயே நிற்க வேண்டும். இதை உரியவர்கள் காதில் போடுங்கள். அரிக்கமேட்டுக்குப் போகும் வாசகர்கள் மணிகளையோ பானை ஓடுகளையோ தொடாமல் விட்டுவிட்டு வர வேண்டும் என்று கட்டம் கட்டி ஒரு வரி எழுதுங்கள். மணிகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
அரியாங்குப்பம், புதுச்சேரி.