மூன்று கோல்களை ஒப்புக்கொண்ட அணி

அன்பு நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள், குனிந்து எதையும் தூக்காதே. இங்கே எல்லோரும் நலம். எனக்கு மூட்டுவலி மட்டும் மழையோடு சேர்ந்து வந்திருக்கிறது.

பேத்தியின் நோட்டிலிருந்து நீ எழுதி அனுப்பிய வரியை இரண்டு மூன்று தடவை படித்தேன். 'தி டீம் கன்சீடட் த்ரீ கோல்ஸ்' என்பதற்கு 'அணி மூன்று கோல்களை ஒப்புக்கொண்டது' என்று எழுதியிருக்கிறாள். அவளைத் திட்டாதே. அகராதியைத் திறந்தால் 'கன்சீட்' (concede) என்பதற்கு முதலில் கண்ணில் படுவது 'ஒப்புக்கொள்' என்பதுதான். அவள் அகராதியை நம்பினாள், அவ்வளவுதான்.

அந்தச் சொல்லுக்கு லத்தீன் வேர். விலகுவது, இடம் விடுவது என்பதுதான் வேரின் பொருள். பிடித்து வைத்திருந்த இடத்தை எதிராளிக்கு விட்டு விலகினால் அது கன்சீட். விலகிய இடம் விவாதத்தில் என்றால் தமிழில் 'ஒப்புக்கொள்' என்கிறோம். விளையாட்டிலோ உரிமையிலோ என்றால் 'விட்டுக்கொடு' என்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு சொல் செய்யும் வேலையைத் தமிழில் இரண்டு சொற்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்த அணி மூன்று கோல்களை விட்டுக்கொடுத்தது. நம் பத்திரிகைகளில் விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர்கள் இதை எப்போதோ பிடித்துவிட்டார்கள்: '4 ஓவரில் 32 ரன்களை விட்டுக்கொடுத்தார்' என்றுதானே போடுகிறார்கள்.

இந்தச் சொல்லில் நானே ஒரு தடவை தவறு செய்திருக்கிறேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. 1999 பிப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் எடுத்தாரே, அந்தச் சமயம். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கட்டுரையில் 'கும்ப்ளே கன்சீடட் 74 ரன்ஸ்' என்று எழுதியிருந்தான். தோற்றவர்தானே கன்சீட் செய்வார், ஜெயித்தவர் எப்படிச் செய்வார் என்று நினைத்து, சிவப்பு மையில் அடித்துவிட்டு மேலே 'கேவ்' (gave) என்று எழுதினேன். மறுநாள் அவன் ஆங்கிலப் பத்திரிகையின் ஸ்கோர் பக்கத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தான். ஓவர், மெய்டன், ரன், விக்கெட் என்ற வரிசையில் 26.3 – 9 – 74 – 10. அந்த மூன்றாவது எண்ணில் விரலை வைத்து, 'இதைத்தான் சார் கன்சீடட்னு சொல்வாங்க' என்றான். பேச்சில் துளி திமிர் இல்லை. எனக்குத்தான் மனம் வரவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் வகுப்பில் எழுந்து நின்று, அவன் எழுதியது சரி, நான் திருத்தியது தவறு என்று சொல்லி மார்க்கைக் கூட்டிப் போட்டேன். அந்த ஒரு வாரத்தில் எனக்குள் நடந்த இழுபறி இருக்கிறதே, அதுதான் அந்தச் சொல்லின் பொருள். பேத்திக்கு அதைச் சொல். திருடன் போலீஸிடம் குற்றத்தைச் சொன்னால் 'கன்ஃபெஸ்'. கேட்டதும் ஆமாம் என்றால் 'அட்மிட்'. அதுவரை மறுத்துப் பேசிவிட்டு, மனமில்லாமல் இறங்கி வந்தால்தான் 'கன்சீட்'.

தமிழில் இதற்குத் தனி வினைச்சொல்லே பல நேரம் வேண்டியதில்லை. ஒரு 'தான்' போதும். 'அவன் கெட்டிக்காரன்' என்றால் பாராட்டு. 'அவன் கெட்டிக்காரன்தான்' என்று இழுத்தால், பின்னால் ஓர் 'ஆனால்' வரப்போகிறது என்று கேட்கிறவனுக்குத் தெரிந்துவிடும். 'ஐ கன்சீட் தட் ஹி இஸ் க்ளெவர், பட்' என்று ஆங்கிலத்தில் நாலைந்து சொல் செலவழிப்பதை அந்த ஒரு 'தான்' முடித்துவிடுகிறது. வாக்கியம் எழுதும்போது தமிழில் 'தான்' போடத் தோன்றுகிறதா என்று அவள் முதலில் பார்க்கட்டும்.

இலக்கணம் கொஞ்சம்தான். பின்னால் 'தட்' போட்டு முழு வாக்கியம் வரலாம், நேராகப் பெயர்ச்சொல் வரலாம். யாருக்கு விட்டுக்கொடுத்தார் என்பதற்கு 'டு' சேர்க்க வேண்டும். 'ஹி கன்சீடட் டு கோ' என்று 'டு'வுக்குப் பின் வினைச்சொல் போட்டால் தவறு. எழுத்துக்கூட்டலில், இந்த இனச் சொற்களில் எக்ஸீட், ப்ரொசீட், சக்ஸீட் மூன்றுக்கு மட்டும் இரட்டை 'ஈ' (ee) வரும். கன்சீடுக்கு வராது. பெயர்ச்சொல் 'கன்செஷன்' நமக்குப் பழக்கமானதுதான். ரயிலில் மூத்த குடிமக்கள் என்று நமக்கிருந்த 40 சதவீதச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுபோனதே, அதே கன்செஷன். ரயில்வே தனக்கு வரவேண்டிய கட்டணத்தில் ஒரு பகுதியை நமக்கு விட்டுக்கொடுத்திருந்தது. திரும்பத் தர வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். உன்னைப் பார்க்க வருவதைத் தள்ளிப்போட அதுவும் ஒரு காரணம்.

விட்டுக்கொடுப்பது என்றால் தோற்பது என்று அவள் நினைத்துவிடக் கூடாது. கால்ப் ஆட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்க, பிரிட்டன் அணிகள் மோதிய 1969 ரைடர் கோப்பை, இங்கிலாந்தில் ராயல் பெர்க்டேல் மைதானம். கடைசி ஆட்டத்தின் கடைசிக் குழி. அமெரிக்காவின் ஜாக் நிக்லஸ் தன் பந்தைக் குழியில் தள்ளிவிட்டார். பிரிட்டன் அணியின் டோனி ஜாக்லினுக்கு இன்னும் ஒரு சிறு அடி பாக்கி. தவறினால் மொத்தக் கோப்பைக்கான போட்டியிலும் அமெரிக்கா வென்றதாகிவிடும். நிக்லஸ் குனிந்து ஜாக்லினின் பந்து இருந்த இடத்தைக் குறிக்கும் வில்லையை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டார். அடிக்க வேண்டாம், போட்டதாகவே வைத்துக்கொள் என்று அர்த்தம். 16-க்கு 16, சமன். இதற்கும் ஆங்கிலத்தில் கன்சீட் என்றுதான் பெயர்.

கால்ப் விதிப்படி ஒருமுறை விட்டுக்கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. அமெரிக்கத் தேர்தலில் அப்படி இல்லை. 2000 நவம்பரில் அதிபர் வேட்பாளர் அல் கோர், எதிர் வேட்பாளர் புஷ்ஷுக்குப் போன் செய்து தோல்வியை ஒப்புக்கொண்டார். ப்ளோரிடாவில் இடைவெளி சுருங்குகிறது என்று தெரிந்ததும் மறுபடி போன் செய்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். டிசம்பர் 13-இல்தான் முடிவாக ஒப்புக்கொண்டார். ப்ளோரிடா கணக்கில் இருந்த வித்தியாசம் 537 ஓட்டு. அங்கே அது சட்டமில்லை, வழக்கம் மட்டும்தான். ஆனாலும் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பில் தனக்கு உடன்பாடில்லை, இருந்தும் ஏற்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் விலகியதை நான் பெரிதாகவே நினைக்கிறேன்.

பேத்தியை ஐந்து வாக்கியம் எழுதி அனுப்பச் சொல். அகராதியைப் பார்க்காமல், அவள் வீட்டிலும் வகுப்பிலும் நடந்ததை வைத்து எழுதட்டும். திருத்தி உடனே அனுப்புகிறேன். பச்சை மையில்தான்.

பொங்கலுக்கு முன்னால் எப்படியும் வந்துவிடுவேன். தங்கச்சியிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்