மறுப்புக் கடிதத்தோடு விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்டு மறுக்கப்பட்ட நம்மவர்கள் பலர், "அரசாங்கம் சொல்லியாச்சு, இனி என்ன செய்வது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு இது மிகுந்த வேதனை தருகிறது.

உதவித்தொகை வழங்கும் அரசு முகமையான சாசா (SASSA) மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். முதலில் அந்தக் காரணத்தைப் படியுங்கள். வருமானமோ சொத்தோ வரம்பை மீறியது என்று சொல்லி, அது உண்மையாகவும் இருந்தால் மேல்முறையீட்டால் பயனில்லை. ஆனால் 'வேலை செய்ய இயலும்' என்று மருத்துவ மதிப்பீடு சொல்லியிருந்தால் நிலைமை வேறு. அவசரமாகச் சில நிமிடங்களில் முடிந்த பரிசோதனையில் முதுகுவலியும் வலிப்பும் மனநோயும் எப்படித் தெரியும்? மருத்துவமனைக் குறிப்புகள், மருந்துச் சீட்டுகள், உங்களை நெடுநாள் பார்த்துவரும் மருத்துவரின் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து மேல்முறையீடு செய்யுங்கள். 90 நாள் அவகாசம் உண்டு.

பலர் புதிதாக விண்ணப்பித்தால் போதும் என்கிறார்கள். உடல்நிலை பிறகுதான் மோசமானது என்றால் சரி. மற்றபடி அது நஷ்டம்தான். மேல்முறையீட்டில் வென்றால் முதல் விண்ணப்ப நாளிலிருந்தே தொகை கணக்காகும். புது விண்ணப்பத்தில் அந்த மாதங்கள் போய்விடும்.

வழி தெரியாதவர்களுக்கு பிளாக் சாஷ் அமைப்பு இலவசமாக ஆலோசனை சொல்கிறது. கோயில் சங்கங்களும் பெரியவர்களுக்கு இந்தப் படிவங்களை நிரப்பித் தர முன்வர வேண்டும்.

ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்