தைப்பூசத்தன்று எங்கள் ஆயாவைப் பார்த்துக்கொண்ட தம்பிக்கு

வடலூர் தைப்பூசத்தில், காலை 6 மணி ஜோதி தரிசன நெரிசலில் ஆயாவின் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. பதறிப்போய்த் தேடி வந்தால், நீங்கள் துண்டை மடித்துப் போட்டு அவரை உட்கார வைத்திருந்தீர்கள். கண் மங்கியவருக்காக, ஜோதியை மறைக்கும் ஏழு வண்ணத் திரைகளும் ஒவ்வொன்றாக விலகுவதைக் காதருகே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். "வெள்ளையும் விலகிடுச்சு ஆயா, இன்னும் ஒண்ணுதான்." ஏழாவதும் விலகியபோது ஆயா கைகூப்பி அழுதார்.

அவருக்கு வயது 86. தாத்தா சீக்கிரமே போய்விட்டார். களை எடுத்து, நாற்று நட்டு நான்கு பிள்ளைகளைக் கரை சேர்த்தார். அப்புறம் 40 வருடமாக மாதப் பூசம் தவறாமல், பசித்து வருபவர்களுக்குச் சோறு போடும் அங்குள்ள தருமச்சாலையில் காய் நறுக்கினார். அரிவாள்மணை வெட்டிய தழும்பு ஆள்காட்டி விரலில் இன்னும் இருக்கிறது. 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பே அணையவில்லை, என் கை ஓயலாமா என்பார். இப்போது மொச்சை உரித்துக் கொடுக்கிறார்.

உங்கள் பேரைக் கேட்பதற்குள் கூட்டத்தில் போய்விட்டீர்கள். மனசார நன்றி தம்பி. அடுத்த பூசத்துக்கு வந்தால் தருமச்சாலைப் பக்கம் வாருங்கள். குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன் என்கிறார் ஆயா.